அடிபட்ட கோழி: அறுப்பதா, தேற்றுவதா?

நாய் கவ்வி உதறிய கோழியைப் பிடுங்கிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டால் வீட்டில் இரண்டு குரல் எழும். உயிர் போவதற்குள் அறுத்துவிடு என்பது ஒன்று. மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவா என்பது மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் முதல் குரல்தான் வெல்கிறது. இரண்டாவது குரலும் ஓய்ந்துவிடவில்லை.

இந்த இரண்டாவது குரலுக்கு நீண்ட பரம்பரை உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில், மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனியே மருத்துவ ஏற்பாடு செய்ததாகப் பொறித்தார். அந்த ஏற்பாடு எட்டிய எல்லை நாட்டவராகச் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லியே குறித்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா, தம் வேளாண்மை நூலின் எட்டாம் பகுதியில் கோழி வளர்ப்பையும் கோழி நோய்களையும் பேசினார். இருபதாம் நூற்றாண்டுப் பண்ணை அறிவியலோ இந்தக் கேள்வியையே கைவிட்டது. பத்தாயிரம் கோழி நிற்கும் கொட்டகையில் ஒரு கோழியின் காயம் ஒரு பொருட்டல்ல. நலிந்ததைக் கழித்துக்கட்டு என்பதே அதன் விதி.

ஆனால் கேள்வி தீர்ந்துபோகவில்லை. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சுமார் 85 கோடி கோழியினங்களில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகம். அடிபட்ட கோழியை என்ன செய்வது என்று கேட்கும் வீடுகள் பெருகியிருக்கின்றன என்பதே இதன் பொருள்.

அடியா, நோயா?

எந்தத் தரப்பும் வாய் திறப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கோழி நொண்டினால் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1907இல் ஹங்கேரிய மருத்துவர் யோசெப் மாரெக் விவரித்த நோயில் நரம்பு பாதிக்கப்பட்ட கோழி, ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நீட்டிக் கிடக்கும். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்வதுண்டு. மரத்திலிருந்து விழுந்து கழுத்து பிசகிவிட்டது என்று எண்ணெய் தடவப்படும் கோழிகளில் சில இந்த வகையாக இருக்கக்கூடும். இவற்றுக்குக் கட்டுப் போட்டுப் பயனில்லை. மற்றக் கோழிகளோடு விட்டு வைப்பது ஆபத்தும்கூட.

இதற்கு நேர் எதிரான பிழையும் நடக்கிறது. வேட்டை விலங்கின் பிடியில் அகப்பட்ட கோழி அசைவற்று, கண் செருகி, செத்தது போலக் கிடக்கும். இது பயத்தால் வரும் உறைநிலை. கோழியைத் தரையில் அழுத்தி அதன் முன் சுண்ணக்கோடு கிழித்தால் அது அப்படியே கிடப்பதை அதனேசியஸ் கிர்ச்சர் 1646இலேயே எழுதி வைத்தார். கோடு அவசியமே இல்லை என்பது பின்னாளில் தெரிந்தது. பிடித்து அழுத்தும் அச்சமே போதும். இந்த நிலை சில நொடிகளிலும் கலையலாம், பல நிமிடங்களும் நீடிக்கலாம். ‘இனித் தேறாது’ என்று கத்தியைத் தேடும் நேரமும் அநேகமாக இதுவேதான்.

குழம்புத் தரப்பு

அறுத்துவிடலாம் என்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் வாதத்தில் கணக்கும் உண்டு, கருணையும் உண்டு. தீவனமும் வேலையும் செலவழித்து, கடைசியில் செத்தும் போனால் இரட்டை இழப்பு. குற்றுயிராகக் கிடந்து இரண்டு நாள் துடிப்பதைவிட ஒரு நொடியில் முடிவது மேல். இதோடு சமய விதியும் சேர்கிறது. விலங்கு கடித்துச் செத்தது இஸ்லாமியருக்கு விலக்கப்பட்ட உணவு. உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தால் மட்டுமே உண்ணலாம். ஆகவே அங்கே முடிவெடுக்கும் அவகாசம் நிமிடக் கணக்கில்தான். வேறொரு பக்கம், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு இந்த வாதம் பொதுவாகச் செல்லாது. குறித்த நாளுக்கு முன் அதை அறுக்கத் தயங்குவார்கள்; ஊனமானதைப் படைக்கவும் தயங்குவார்கள். தேற்றுவதைத் தவிர வழியில்லாமல் போகும்.

இத்தரப்பின் கணக்கு, கோழியின் மதிப்பை அதன் கறி எடையாகவே காண்கிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும். முந்நூறு முட்டை தரும் லெகார்ன் கோழியோடு இந்த எண்ணிக்கையில் அதற்குப் போட்டியில்லை. அதன் மதிப்பு அடைகாப்பதிலும் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்து வளர்ப்பதிலும் இருக்கிறது. பண்ணைக்கென உருவான லெகார்ன் அடைகாக்கும் இயல்பையே பெரும்பாலும் இழந்துவிட்டது. குஞ்சோடு திரியும் தாய்க்கோழியை அறுத்தால் போவது ஒன்றரைக் கிலோ கறியின் கணக்கு மட்டுமல்ல.

கறியைப் பற்றிய நம்பிக்கையும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. பறவைகளுக்கு வெறிநோய் வருவது மிக அரிது. ஆனாலும் கேரளத்தில் நாய் கடித்த வளர்ப்புக் கோழி ஒன்றுக்கு அந்நோய் இருந்ததை உறுதி செய்யும் ஆய்வறிக்கை 2015இல் வெளியானது. நன்றாக வெந்த கறியில் அக்கிருமி பிழைக்காது. பச்சைக்கறியைக் கையாளும் விரலில் வெட்டுக்காயம் இருந்தால்தான் கவலை. ஒரு நிகழ்வை வைத்துக்கொண்டு ஊரை அச்சுறுத்த வேண்டியதில்லை. ‘அறுத்தால் ஆபத்தே இல்லை’ என்ற வாதத்துக்கு மட்டும் அது ஒரு கீறல்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும்

தேற்றலாம் என்பவர்களின் கையில் முதலில் இருப்பது அஞ்சறைப்பெட்டி. மஞ்சள், வேப்பெண்ணெய், குப்பைமேனி, சோற்றுக்கற்றாழை, புழு வைத்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் அல்லது சீத்தா இலை விழுது. எலும்பு முறிந்தால் மூங்கில் சிம்பு, உளுந்து மாவு, முட்டை வெள்ளைக்கரு. (கோழியின் காலைக் கட்டக் கோழி முட்டையே உதவுகிறது.)

மஞ்சளின் வழக்கு உலகறிந்தது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது; 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. நம்மில் பலர் இதை மஞ்சளின் மருத்துவ வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த வழக்கில் தீர்ந்தது வேறு: இந்தப் பயன்பாடு புதியதல்ல, பழையது என்பது மட்டுமே. அது எந்த அளவுக்குப் பலிக்கிறது என்பது அங்கே கேள்வியாக இல்லை. பிற்கால ஆய்வுலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. மஞ்சளின் முதன்மைக் கூறான குர்குமின் எளிதில் சிதைவது, உடலில் ஏறுவது குறைவு, சோதனைக் குழாயில் பொய்யான நம்பிக்கை தருவது என்று 2017இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு கடுமையாகவே எழுதியது. மேற்பூச்சுக்கு அந்த விமரிசனம் முழுவதும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது.

மரபுக் கால்நடை மருத்துவத்தை முறைப்படுத்தும் முயற்சிகள் தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்க அளவு நடந்திருக்கின்றன; தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பரவலாகப் பேசப்படும் செய்முறைகள் பெரும்பாலும் மாட்டுக்கானவை. மாட்டின் தோலில் தடவும் எண்ணெய்க் கலவையை அப்படியே கோழிக்குத் தடவினால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இறகு வெப்பத்தைக் காக்காது. கோழியின் உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸுக்கு மேல். இரத்தம் இழந்த கோழிக்கு அந்த வெப்பத்தைத் தக்கவைப்பதே பெரும்பாடு. கடையேழு வள்ளல்களில் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை நாம் கொடைமடமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அடிபட்ட பறவைக்கு முதலில் வேண்டியது கதகதப்பு என்று சொல்லும் இன்றைய மருத்துவருக்கு அது அவ்வளவு மடமையாகத் தோன்றாது.

இத்தரப்பின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கலாம் என்று தோன்றுகிறது. கோடையில் திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வேப்பெண்ணெயின் நெடி ஈயை அண்டவிடாது என்றால், மருந்தாக அது எதையும் ஆற்றாவிட்டாலும் கோழி பிழைக்கும். மரபு முறைகளை ‘கிருமியைக் கொல்கிறதா’ என்று மட்டும் சோதிப்பவர்கள் இந்தப் பயனைக் காணத் தவறுகிறார்கள். இதே அலமாரியில் காயத்தில் அப்பும் காப்பித்தூள், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டைத் தூள் ஆகியவையும் இருக்கின்றன. காப்பித்தூள் காயத்தை அழுக்காக்கும். மண்ணெண்ணெய் புழுவோடு தசையையும் சுடும். பாச்சை உருண்டை கோழிக்கே நஞ்சு. இவற்றுக்கு வக்காலத்து வாங்க வழியில்லை.

சேவற்கட்டுக்காரர்களின் கை

கோழிக் காயத்தைப் பற்றிய நாட்டறிவில் பெரும்பகுதி அடுக்களையிலிருந்து வந்ததல்ல, சண்டைக்களத்திலிருந்து வந்தது. கிழிந்த தோலை ஊசிநூலால் தைப்பது, வீங்கிய கண்ணைத் துணி ஒற்றடத்தால் திறக்கச் செய்வது, தொண்டையில் கட்டிய இரத்தத்தை இறகால் எடுப்பது, தோற்ற சேவலைத் தனியே வைத்து மெல்ல நடக்கப் பழக்குவது எல்லாம் அவர்கள் கைப்பழக்கம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த பழங்கால நடுகல் ஒன்று இருக்கிறது. சேவலைத் தனி உயிராக, பேர் சொல்லி மதித்த மரபு அது. பெட்டைக்கு அப்படி நடுகல் எதுவும் எழுந்ததாகத் தெரியவில்லை. அதற்கு எழுந்தது உலைதான்.

இந்த அறிவின் குறை அதன் நோக்கத்திலேயே இருக்கிறது. காயத்தை ஆற்றுவது மீண்டும் காயப்படுத்துவதற்காக. விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தக் கைப்பக்குவம் ஏட்டில் ஏறாமல் மறைவிலேயே இருக்கிறது, சரிபார்க்கப்படவும் இல்லை. பிழைத்த சேவல்களின் பெருமையை மட்டும் கேட்கிறோம். செத்தவற்றின் கணக்கை யாரும் சொல்வதில்லை.

மருத்துவரின் மேசை

கால்நடை மருத்துவம் சொல்வதில் முதல் பகுதி மிக எளியது. இரத்தத்தை அழுத்தி நிறுத்து. உப்புநீரால் கழுவு. இருட்டான, கதகதப்பான பெட்டியில் தனியே வை. அவசரப்பட்டு வாயில் எதையும் ஊற்றாதே. கடைசி அறிவுரைக்குக் காரணம் உண்டு: கோழிக்குக் குரல்வளை மூடி கிடையாது, நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. சாகக் கிடக்கும் கோழிக்குப் பால் ஊற்றும் வழக்கம் சில சமயம் சாவையே விரைவாக்கும். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதும் அப்படித்தான். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

நம் உடலை வைத்துக் கோழியை அளப்பது எங்கே தவறும் என்பதை இத்துறைதான் தெளிவாகக் காட்டியிருக்கிறது. கோழியின் சீழ் வழிந்தோடாது. அதன் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகளில் ஒன்று இல்லாததால் அது பாலாடைக்கட்டி போல உறைந்து நிற்கும். ‘சீழ் பிடிக்கவில்லை, ஆறிவிட்டது’ என்று விட்ட புண்ணின் உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். பாதப்புண்ணில் இதை அடிக்கடி காணலாம். இறக்கையின் மேலெலும்பு உள்ளீடற்றது, காற்றுப்பைகளோடு தொடர்புள்ளது. அது முறிந்து வெளியே தெரியும்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அந்த நீர் மூச்சுமண்டலத்துக்குள்ளேயே போகும். நல்ல செய்தியும் உண்டு. பறவை எலும்பு விரைவில் கூடும்; சரியாகக் கட்டிய கால் பெரும்பாலும் மூன்று வாரத்தில் ஊன்றத் தொடங்கும்.

கடித்தது எது என்பதும் முக்கியம். நாய்க்கடி தசையை நசுக்கும், தோலுக்கு மேலே தெரிவதைவிட உள்ளே சேதம் அதிகம். பூனையின் பல் ஊசித்துளைதான் போடும். ஆனால் அதன் வாயில் பொதுவாக வாழும் பாஸ்டுரெல்லா கிருமி, கோழிகளுக்குக் காலரா நோயைத் தரும் அதே இனம். லூயி பாஸ்டர் 1880 வாக்கில் தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது இந்தக் கோழிக்காலராவில்தான். துளி இரத்தம்கூட இல்லாத பூனைக்கடியில் இரண்டாம் நாள் கோழி சாவது இதனால் இருக்கலாம்.

இத்தரப்பின் பலவீனம் அதன் படிப்பிலேயே இருக்கிறது. கோழி மருத்துவம் மந்தைக்கான மருத்துவமாகவே வளர்ந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்து மற்றவற்றைக் காப்பதே அதன் நோயறி முறை. கோழியினங்களின் எண்ணிக்கையில் 2019இல் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு நாமக்கல் போன்ற பண்ணை வட்டாரங்களுடையது, அறிவும் அங்கேதான் குவிந்திருக்கிறது. ஒற்றைக் கோழியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகும் பெண்ணுக்குப் பல நேரம் கிடைப்பது மருந்தைவிடச் சிரிப்புதான்.

மருந்தும் சிக்கலில்லாதது அல்ல. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் பயன்படுத்துவதை இந்தியா 2019இல் தடை செய்தது. கழுகுகளை அழித்ததாகக் கண்டறியப்பட்ட டைக்ளோஃபினாக் 2006 முதல் கால்நடைகளுக்குத் தடை. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். ஆனாலும் மருந்துக் கடை வலி மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துக் கொடுப்பது எளிதாக நடந்துவிடக்கூடியது. மாத்திரை கொடுத்த கோழியை மறுநாள் ‘தேறவில்லை’ என்று அறுத்துச் சமைப்பது எல்லாத் தரப்புகளிலும் மிக மோசமானதைத் தேர்ந்துகொள்வதாகும்.

உயிரிரக்கத்தின் வாதம்

கொல்லாமையை அறமாகக் கொண்டவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகள் எதுவும் பொருட்டில்லை. சமணம், திருக்குறள், வள்ளலாரின் சீவகாருண்யம் எல்லாம் இந்தத் தரப்புக்குத் தமிழிலேயே வேர்கள். தில்லி செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயிலில் இயங்கும் பறவை மருத்துவமனை இதன் நடைமுறை வடிவம். அங்கே இறைச்சி உண்ணும் பறவைகளை உள்நோயாளிகளாகச் சேர்ப்பதில்லை, வெளியிலேயே மருந்திட்டு அனுப்புகிறார்கள். எல்லா உயிரும் ஒன்று என்ற கொள்கையும் நடைமுறையில் வரிசை ஒன்றை வகுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

வயிறு கிழிந்து குடல் வெளியே வந்த கோழி விஷயத்தில்தான் இத்தரப்பு திணறுகிறது. சாகவிடாமல் வைத்திருப்பது யாருக்கான கருணை? உயிரை எடுக்கும் பாவம் நமக்கு வேண்டாம் என்று விலகி நிற்பது கோழியின் துன்பத்தைக் குறைப்பதில்லை. இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இங்கே நிதானமாக நடக்கிறது. வைத்திருப்பவர் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கும் கடமையுள்ளவர் என்கிறது. மீளாத் துன்பத்திலுள்ள விலங்கின் உயிரை முடிப்பதற்கும் இடம் வைத்திருக்கிறது.

வலியை யார் அளப்பது

எல்லாத் தரப்புகளும் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. இந்தக் கோழிக்கு வலி எவ்வளவு என்பது தெரியாமலே ‘பாவம், துடிக்கிறது’ என்றும் ‘ஒன்றுமில்லை, இரை எடுக்கிறது’ என்றும் பேசுகிறோம். வேட்டையாடப்படும் இனம் வலியை மறைக்கும். காட்டிக்கொண்டால் பருந்துக்கும் தெரியும், கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகளுக்கும் தெரியும்.

பறவைக்கு வலியே குறைவு என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது 1980களில். அலகு நுனி வெட்டப்பட்ட கோழிகளின் நரம்பு முனையில் முடிச்சுகள் உருவாகி இயல்புக்கு மாறான துடிப்புகளை அனுப்புவதை பிரிட்டனில் பிரூவர்டும் ஜென்டிலும் 1985இல் காட்டினார்கள். 2000இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் நேரடியானது. நொண்டும் கறிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள்; ஒன்றில் கார்ப்ரொஃபென் என்ற வலிநீக்கி. நொண்டாத கோழிகளைவிட நொண்டுபவை மருந்துத் தீவனத்தைக் கூடுதலாகத் தேர்ந்தன. நொண்டல் கடுமையாக ஆக அந்த அளவும் கூடியது. வலியைச் சொல்லத் தெரியாத உயிர் வலிக்கு மருந்து தேடத் தெரிந்திருக்கிறது என்று அதைப் படிக்கலாம். ஆனால் அவை கொட்டகையில் வளர்ந்த பருத்த இனங்கள். முற்றத்தில் மேயும் சிறுவிடைக்கோழிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதற்கு நேரடிச் சான்று மெலிது.

கூட்டத்தில் மீண்டும் சேர்ப்பது

பிழைத்த கோழியின் கதை அங்கே முடிவதில்லை. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேயின் ஷெல்டெரப்-எபே 1921இல் விவரித்தார். சில வாரம் விலகியிருந்த கோழி அந்த வரிசையில் தன் இடத்தை இழந்திருக்கும். சிவப்பைக் கண்டால் கொத்தும் இயல்பினால் ஆறாத புண்ணும் ஆபத்து. எனவே சிலர் முழுமையாகத் தனிமைப்படுத்தச் சொல்கிறார்கள். வேறு சிலர் தனிமையே கோழிக்கு நோய் என்கிறார்கள். நம்மூர்ப் பஞ்சாரம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தற்செயலாகவே தந்திருக்கிறது. கவிழ்த்த கூடைக்குள் கோழி பத்திரம். மூங்கில் இடைவெளியில் கூட்டமும் கண்ணில் படும். ஈ புகாமல் மேலே மெல்லிய வலைத்துணி போட்டுவிட்டால் மருத்துவரும் குறை சொல்ல மாட்டார்.

தீராமல் நிற்பவை

தோல் கிழிசல், இறகு பிடுங்கல், முழங்காலுக்குக் கீழான முறிவு ஆகியவற்றில் தேற்றும் தரப்பே வலுவானது என்று சொல்லத் தடையில்லை. பாடு குறைவு, தேறும் வாய்ப்பு அதிகம். வயிற்றறை திறந்த காயம், இரண்டு காலும் செயலிழந்த முதுகுத்தண்டுச் சேதம் ஆகியவற்றில் விரைவாக முடிப்பதே நியாயம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நாய்க்கடிகள்தான் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கக்கூடும். அங்கே எந்தத் தரப்பின் விதியும் முழுதாக உதவுவதில்லை. உறைநிலை கலையும் வரையாவது கத்தியைத் தள்ளிவைப்பது, அன்றிரவு கதகதப்பில் வைத்து மறுநாள் காலை நிற்கிறதா, எச்சமிடுகிறதா, இரைக்கு அசைகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது ஆகியவை இப்போதைக்குத் தாங்கும் நடைமுறைகள்.

இரண்டு கேள்விகள் திறந்தே இருக்கின்றன. வேப்பெண்ணெயும் மஞ்சளும் புண்ணை ஆற்றுகின்றனவா, அல்லது ஈயை விரட்டுவதோடு சரியா என்பது ஒன்று. உப்புநீர் மட்டும், உப்புநீரோடு வலைத்துணி, உப்புநீரோடு வேப்பெண்ணெய் என மூன்று வகையாகப் பிரித்துக் கோடைக்காலத்தில் நடத்தும் சோதனையால் இதைத் தீர்க்க முடியும். பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படாது. மற்றது முட்டை. பண்ணைக்கோழிக்கு மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்ற கணக்குப் பல மருந்துகளுக்கு உண்டு. அந்தக் கணக்குகள் தினமும் முட்டையிடும் இனத்தை வைத்துப் போட்டவை. காயம்பட்டு, முட்டையிடுவதை நிறுத்தி, வாரங்கள் கழித்து மீண்டும் தொடங்கும் நாட்டுக்கோழியின் முதல் முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் வீட்டுக்கு அவற்றிலிருந்து நேரான பதில் கிடைப்பதில்லை.